இடைவழியில் மாறிய எண்கள்

இக்குறிப்பை எழுதிவைப்பதற்கான காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊரில் தனித்திருக்கும் முதியோரின் உடல்நிலையை நாள்தோறும் அறிந்துகொள்வதற்காக நான் அமைத்துக் கொடுத்த கைப்பேசிச் செயலியை, புலம்பெயர்ந்த குடும்பங்கள் சில இன்றும் பயன்படுத்தி வருகின்றன. அதன் வழியே வரும் எண்களை வழியில் எவரும் மாற்ற முடியாது என்று அவர்களுக்கு நான் உறுதி கூறியிருந்தேன். கூறியது பொய்யில்லை, ஆயினும் அந்த உறுதி எவ்வளவு தொலைவு செல்லும் என்பதை என் அக்காவின் கடைசி மாதத்தில்தான் அறிந்துகொண்டேன். அதை அவர்கள் பிறர் வாய்மொழியாகக் கேட்பதைவிட, என் கையெழுத்திலேயே படிப்பது முறை.

செருமனியின் நெக்கார் ஆற்றங்கரையில் நான் வாழும் சிற்றூரில், குடியிருப்பின் அஞ்சற்பெட்டிகள் கீழ்த்தளத்தில் வரிசையாக இருக்கும். ஒரு காலையில் மேல்தளத்து மூதாட்டி ஃபிராவ் கெல்லருக்கு, அதாவது திருமதி கெல்லருக்கு, வந்த பட அஞ்சலட்டை ஒன்று தவறுதலாக என் பெட்டியில் விழுந்திருந்தது. முன்புறம் கடற்கரை; பின்புறம் நான்கு வரி. படியேறிச் சென்று கொடுத்தேன். நற்செய்தியாயிற்றே என்று, "உங்கள் தங்கை வியாழக்கிழமை வருகிறாராம்" என்றும் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. "படித்தீர்களா?" என்றார். உறையில்லாத அட்டைதானே என்றேன். "டாஸ் இஸ்ட் மைனே போஸ்ட்" என்றார். அது என் அஞ்சல் என்பது பொருள். கதவு ஓசையின்றிச் சாத்தப்பட்டது. தங்கையோடு ஏதோ மனத்தாங்கல் போலும் என்று இரங்கிக்கொண்டே படியிறங்கினேன். மனத்தாங்கல் என்மீதுதான் என்பது விளங்க இரண்டு நாள் ஆயிற்று. பிறர் செய்தியை வழியில் எவரும் படிக்கலாகாது என்பதற்காகவே பணிக்காலம் முழுவதும் ஊதியம் பெற்றவன் நான். அவ்வறிவு அலுவலகத்தோடு நின்றுவிட்டது. படியேறிச் சென்ற கால்கள் உறையூர்க் கால்கள்.

உறையூரில் எங்கள் தெருவில் ஒரே வீட்டில்தான் தொலைபேசி இருந்தது. அது எதிர்வீட்டுச் சந்தானம் ஆசிரியரின் வீடு. தெருவார் அனைவரும் திருமண அழைப்பிதழில் அவருடைய எண்ணையே அச்சிட்டு, பக்கத்தில் 'பி.பி.' என்று போட்டுக்கொள்வர். அடுத்த வீட்டு எண், அழைத்தால் கூப்பிட்டுத் தருவார்கள் என்பது அதன் குறிப்பு. சந்தானம் ஆசிரியர் எல்லா நேரமும் கூப்பிட்டுத் தருவதில்லை. செய்தியைத் தாமே கேட்டு, கேட்பவர் தாங்கக்கூடிய அளவுக்குத் திருத்தி, பிறகே சேர்ப்பார். நான் செருமனிக்கு வந்த புதிதில் ஞாயிறுதோறும் அழைப்பேன். "அம்மாவா? ஜோரா இருக்காங்க தம்பி. இப்பதான் கோயிலுக்குப் போனாங்க" என்பார். அந்த வாரம் முழுவதும் அம்மா படுக்கையை விட்டு எழவேயில்லை என்பதை அக்காவின் கடிதம் பின்னர் சொல்லும். தெருவில் எவரும் அவரைக் கடிந்துகொண்டதில்லை. செய்தியின் கூர்முனையை மழுக்கித் தருவதும் தொலைபேசி வைத்திருப்பவரின் கடமை என்றே எல்லாரும் எண்ணியிருந்தனர்.

நான் வந்த மூன்றாம் ஆண்டில் அம்மா இறந்தார். அழைத்தவர் அக்காவின் கணவர் கோவிந்தராசு அத்தான். உயர்நிலைப்பள்ளி உடற்பயிற்சி ஆசிரியர். மைதானத்தின் மறுகோடிக்கும் கேட்கும் குரல் அவருடையது. அன்று அக்குரல் தாழ்ந்திருந்தது. "அம்மாவுக்கு உடம்பு முடியல. கிளம்பி வா மாப்ள." அவ்வளவே. நான் கிளம்பினேன். அம்மாவின் முழங்கால் வலிக்கென்று கம்பளி உறை இரண்டு வாங்கிப் பையில் வைத்தேன். வானூர்தியில் அமர்ந்து, எந்த மருத்துவரிடம் காட்டலாம் என்று தாளில் குறித்துக்கொண்டு வந்தேன். சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கியபோது, மழிக்காத முகத்தோடு நின்றிருந்த அத்தான் என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். "எப்போ?" என்றேன். "நேத்துக் காலையில" என்றார். அவர் என்னை அழைத்ததும் நேற்றுத்தான்; அம்மா போன பிறகுதான். ஊருக்கு வரவேண்டியவனிடம் சாவை நேரே சொல்லுவதில்லை என்ற வழக்கம் எனக்குத் தெரியாததன்று. தெரிந்திருந்தும், அவ்வளவு தொலைவும் நம்பிக்கையோடு வந்ததற்காக அவரை நெடுங்காலம் மன்னிக்க இயலவில்லை. இக்கதையை என் மகள் எழிலியிடம் அவள் வளர வளரப் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் 'உடம்பு முடியல, கிளம்பி வா' என்ற சொற்களை அத்தானின் குரலிலேயே சொல்லிக் காட்டுவேன்.

பின்னர் என் தொழிலே இடைவழியைக் காப்பதாயிற்று. அதனை எளிய முறையில் சொல்கிறேன். கைப்பேசி அனுப்பும் செய்தி, தொலைவிலுள்ள வழங்கி (சர்வர்) என்னும் கணினியைப் பல கைகள் மாறியே சென்று சேர்கிறது: வீட்டு வைஃபை, இணைய இணைப்பு தருபவர், அவருக்கு அப்பால் மேலும் பலர். அவற்றுள் ஒரு கையில் தீயவன் ஒருவன் அமர்ந்தால், கைப்பேசியிடம் 'நானே வழங்கி' என்றும் வழங்கியிடம் 'நானே கைப்பேசி' என்றும் நடித்து, இருபுறமும் ஐயம் எழாதவாறு செய்தியைப் படிக்கலாம், மாற்றியும் அனுப்பலாம். இதைத் தடுக்கவே வழங்கி ஒரு சான்றிதழைக் காட்டித் தன்னை மெய்ப்பிக்கிறது. ஆனால் கைப்பேசி பலர் அளிக்கும் சான்றிதழ்களை நம்பும் இயல்பினது. அந்த நம்பிக்கைப் பட்டியலில் ஒரு போலி நுழைந்துவிட்டால் கதவு திறந்துவிடும். ஆகவே, தனக்குரிய வழங்கியின் திறவுகோல் அடையாளத்தைச் செயலியின் உள்ளேயே பொறித்துவைப்பதுண்டு. வேறெவர் எந்தச் சான்றிதழைக் காட்டினாலும் அச்செயலி வாய் திறவாது. மாற்றுத் திறவுகோல் ஒன்றின் அடையாளத்தையும் உடன் பொறித்தாக வேண்டும். இல்லையேல் வழங்கி தன் திறவுகோலைப் புதுப்பிக்கும் நாளில் நல்ல செயலிகளெல்லாம் ஊமையாகிவிடும்.

ஓய்வு பெற்றபின் நான் அமைத்த செயலி சிறியது. நாள்தோறும் காலையில் எடையையும் இரத்த அழுத்தத்தையும் அதில் இட்டால், அயல்நாட்டிலிருக்கும் உறவினர் உடனே காண்பர். திருவரங்கம் மேலூர் சாலை அடுக்ககத்தில் அத்தானோடு வாழ்ந்த அக்காவுக்கு இதயம் தளர்ந்திருந்தது. ஓரிரு நாளில் எடை சட்டென ஏறினால் உடலில் நீர் தேங்குகிறது என்று பொருள், உடனே வரவேண்டும் என மருத்துவர் சொல்லியிருந்தார். அக்காவுக்குக் கண் மங்கல். எண்களை இடுபவர் அத்தான். செயலியை எப்படிப் பயன்படுத்துவது என்று நான் காணொளியில் விளக்கியபோது அக்கா அருகிலிருந்து கேலி செய்தாள். "கைப்பேசியாம், செயலியாம். போன்னு சொல்ல வாய் வராது இவனுக்கு. ஏங்க, இவன் சொல்றது உங்களுக்குப் புரியுதா?" "பட்டனை அமுக்கணும்கிறான், அவ்வளவுதான்" என்றார் அத்தான்.

முதல் இரண்டு மாதம் எண்கள் ஏறியும் இறங்கியும் வந்தன. பிறகு மூன்று வாரம், எடை ஐம்பத்தெட்டிலேயே நின்றது. அழுத்தம் நூற்றுமுப்பதுக்கு மேலோ கீழோ இரண்டு. நோயுற்ற உடல் அவ்வாறு ஒழுங்காக இராது. காணொளியில் அழைத்தால் அக்கா படுத்திருக்கிறாள், குளிக்கிறாள், தூங்குகிறாள் என்று அத்தான் சொன்னார். இங்கேதான் என் தொழில் என்னைத் தவறான தெருவில் இட்டுச் சென்றது. வழியில் எவனோ அமர்ந்து எண்களை மாற்றுகிறான் என்று முடிவு கட்டினேன். புதிதாக வைஃபை பொருத்தியவரின் எண்ணை வாங்கி, கைப்பேசியில் ஏதும் சான்றிதழ் ஏற்றினாரா என்று குடைந்தேன். "சார், பாஸ்வேர்டு போட்டுக் குடுத்தேன், ஒரு காபி குடிச்சேன், கிளம்பிட்டேன். வேற ஒண்ணும் பண்ணல சார்" என்றார் பாவம் அந்த மனிதர். செயலியின் முதல் வடிவில் திறவுகோலைப் பொறிக்காமல் விட்டது என் சோம்பல். இப்போது மாற்றுத் திறவுகோலோடு சேர்த்துப் பொறித்துப் புதிய வடிவை அனுப்பினேன். இடையில் எவன் இருந்தாலும் இனி எண் வந்து சேராது. மறுநாள் காலை எண் வந்தது: ஐம்பத்தெட்டு. வழியில் எவருமில்லை. அந்த எண் பிறந்ததே அப்படித்தான்.

அத்தானை அழைத்தேன். "அக்கா எடை மூணு வாரமா அம்பத்தெட்டுலயே நிக்குதே, அத்தான்?"

"நல்லதுதானே மாப்ள."

"மெஷின்ல தெரியறதைத்தான் போடறீங்களா?"

மறுமுனையில் அத்தான் மின்விசிறியை நிறுத்தும் ஓசை கேட்டது. "டாக்டருக்கு உள்ளதை உள்ளபடி எழுதிக் காட்டறேன். அது தனி நோட்டு. உனக்குத்தான் மாத்திப் போட்டேன். அங்க ஒத்தையா உக்காந்துக்கிட்டு அந்த நம்பரை வெச்சு நீ என்ன பண்ணப் போற, சொல்லு?"

"இப்ப எவ்வளவு?"

"அறுபத்திமூணு. காலு ரெண்டும் வீங்கிப்போச்சு. உடம்பு முடியல. கிளம்பி வா மாப்ள."

அதே சொற்கள். "அக்கா இருக்காங்களா அத்தான்? உண்மையைச் சொல்லுங்க."

"இருக்கா, இருக்கா. இந்தா, நீயே கேளு."

மூச்சிரைப்புக்கு நடுவே அக்காவின் குரல் வந்தது. "டேய் தம்பி, நான் செத்தா உங்க அத்தான் சொல்லமாட்டாரா?" மூச்சை இழுத்து, "சொல்லமாட்டாருதான்" என்று தானே விடையும் சொல்லிக்கொண்டாள்.

இம்முறை உயிரோடிருப்பவளைப் பார்க்கச் சென்றேன். தில்லைநகர்ப் பக்கம் ஒரு மருத்துவமனையில் பதினொரு நாள் அக்காவின் அருகில் இருந்தேன். செருமனியில் பணிபுரியும் எழிலிக்கு மெய்யான எண்களை அனுப்பவேண்டுமென்று முதல்நாளே செயலியைத் திறந்தேன். அங்குள்ள வைஃபையில் இணைவோர், போக்குவரத்தைச் சோதிப்பதற்கான சான்றிதழ் ஒன்றைக் கைப்பேசியில் ஏற்றிக்கொள்ள வேண்டும். தம் கணினிகளைக் காக்க அவர்கள் செய்த ஏற்பாடு அது. என் செயலிக்கோ அவர்களும் இடைமறிப்போரே. 'மறுமுனையை உறுதிசெய்ய இயலவில்லை. செய்தி அனுப்பப்படவில்லை' என்று நான் எழுதிவைத்த வாக்கியத்தையே என் முகத்தில் காட்டியது. அத்தான் எட்டிப் பார்த்தார். "நீ போட்ட பூட்டு உன்னையே வெளிய நிறுத்திடுச்சா மாப்ள?" என்றார். அக்கா சிரிக்க முயன்று இருமினாள். வைஃபையைத் துண்டித்து, நடைவழிக் கோடியில், சன்னல் வழியே மலைக்கோட்டை தெரியும் இடத்தில் நின்று கைப்பேசியின் சொந்த இணைப்பில் நாள்தோறும் அனுப்பினேன். ஒன்றையும் மாற்றவில்லை. எழிலி வாரக் கடைசியில் வருவதாக இருந்தாள்.

பன்னிரண்டாம் நாள், வெயில் ஏறத் தொடங்கிய வேளையில், அக்கா போய்விட்டாள். கையைப் பிடித்திருந்தவர் அத்தான். நான் கால்மாட்டில் நின்றிருந்தேன். சற்றுப் பொறுத்து அதே சன்னலருகே சென்று எழிலியை அழைத்தேன். அங்கே விடிந்து சிறிது நேரமே ஆகியிருக்கும். அவள் குரலுக்குப் பின்னால் தொடர்வண்டியின் அறிவிப்புக் கேட்டது: "நேக்ஸ்டர் ஹால்ட்..." 'அடுத்த நிறுத்தம்' என்பது பொருள். பணிக்குச் செல்லும் கூட்டத்தில், முன்பின் அறியாதவர் நடுவே, கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் நிற்பது என் மனக்கண்ணில் தெரிந்தது. வாயைத் திறந்தேன்.

"அத்தைக்கு உடம்பு முடியல. கிளம்பி வாம்மா."

 அவள் மெல்லக் கேட்டாள். "மாமா அன்னிக்கு உங்ககிட்டச் சொன்ன மாதிரியாப்பா?"

கைப்பேசியை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"சரிப்பா. நான் வரேன். நீங்க சாப்பிடுங்க."

மறுநாள் திருச்சி வானூர்தி நிலையத்தில் அத்தான் அவள் கைப்பையை வாங்கிக்கொண்டார்.  காரில் அவள் அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். காவிரிப் பாலம் கடக்கும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள். முன்னிருக்கையில் இருந்த எனக்கு, பல ஆண்டுகளாக அவரிடம் கேட்காமல் வைத்திருந்த கேள்விகளில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

இப்போது அத்தான் தம் இரத்த அழுத்த எண்களை அனுப்புகிறார். நான் எழுந்து அடுப்பில் காப்பிக்கு நீர் வைக்கும்போது அவருடைய நூற்றுமுப்பது கைப்பேசியில் வந்து நிற்கிறது. வழியில் எவரும் அதைத் தொடவில்லை என்று செயலி உறுதிகூறுகிறது. அதை நான் முழுதும் நம்புகிறேன். மெஷினில் தெரிந்ததுதானா என்று அவரிடம் கேட்பதில்லை. எண் வந்த பிறகு ஒருமுறை அழைத்துக் குரலையும் கேட்டுக்கொள்கிறேன். சென்ற வாரம் ஃபிராவ் கெல்லரின் அட்டை மீண்டும் என் பெட்டியில் விழுந்தது. எழுத்து கண்ணில் படாதவாறு கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு படியேறினேன். அது ஒரு கையில். மறு கையில் கைப்பேசியும் அதில் அத்தானின் நூற்றுமுப்பதும். மூதாட்டி கதவு திறக்கும்வரை இரண்டையும் ஏந்தியபடி நின்றேன்.

நினைவிலிருந்து எழுதியதாதலால் நாள் கணக்கிலோ, திறவுகோல் பற்றிய விளக்கத்திலோ பிழை நேர்ந்திருக்கலாம். துறையறிந்தோர் திருத்தியுதவ வேண்டுகிறேன். சன்னலருகே நான் மகளிடம் சொன்னதும் பிழையெனத் தோன்றினால் அதையும் எழுதுங்கள். என் மனம் நோகுமே என்று மாற்ற வேண்டா. உள்ளதை உள்ளபடியே எழுதுங்கள்.