திரைக்குப் பின்னால் வாசித்த கிற்றார்

குளிர் நாட்களில் கிற்றாரின் இரும்புக் கம்பியைத் தொட்டால் விரல் நுனி முதலில் மரத்துப்போகும். பிறகுதான் வலிக்கத் தொடங்கும். ஹட்டன் ரயில் நிலையத்துக்கு மேலேயிருந்த ரயில்வே குவார்ட்டர்ஸின் பின்வராந்தாவில் டொரீனும் நானும், பள்ளிக்கூடம் விட்டு வந்து விரல்களை வாயருகே வைத்து ஊதிக்கொண்டே, அந்த வலியோடு பழகினோம். டொரீன் என் வகுப்புத் தோழி, ஐரோப்பிய வழிவந்த பறங்கிப் பெண். ரயில்வே கார்டான அவளுடைய அப்பா சனிக்கிழமைகளில் வெள்ளைக்காரத் தோட்டத் துரைமாரின் கிளப்பில் நடன வாத்தியக் குழுவோடு வாசித்ததால் அவர்கள் வீட்டில் இரண்டு கிற்றார்கள் இருந்தன. நானோ பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து 'லயக்காம்பரா'விலிருந்து, தொழிலாளர்களின் வரிசை வீட்டு ஒற்றை அறையிலிருந்து, நடந்து வருபவள். எங்கள் குடும்பத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த முதல் ஆள். "கொழுந்தெடுக்காமலே ஒனக்குக் கை காச்சுப்போச்சா?" என்று அம்மா என் விரல்களைப் பார்த்துச் சிரிப்பாள்.

ரேடியோவில் கேட்ட ஒரு ஜாஸ் பாட்டை வாசிக்கப் பார்த்தோம். ஓரிடம் மட்டும் பிடிபடவில்லை. ரேடியோவில் அந்த இடம், வைத்த காலுக்குப் படி இல்லாததுபோல் ஒரு கணம் தொங்கி, பிறகு சுரங்கள் சேர்ந்தொலிக்கும் அடுத்த சுரக்கூட்டில் போய் இறங்கும். பல நாள் தேடியபின், அதற்கு முந்தைய சுரக்கூட்டின் மூன்று சுரங்களில் மேலே உள்ளதை மட்டும் அரைச் சுரம் உயர்த்திப் பார்த்தேன். அதுவரை அழுத்தாமல் விட்டிருந்த மூன்றாம் கம்பியையும் சுட்டுவிரலைப் படுக்கவைத்து இரண்டாம் கம்பியோடு சேர்த்து முதல் கட்டத்தில் அழுத்த, அது வந்துவிட்டது. டொரீன் அப்பாவிடம் கேட்டு வந்து அதற்கு 'ஓக்மென்டட்' என்று பெயர் சொன்னாள். அதே பிடியை நான்கு கட்டம் மேலே தள்ளினாலும் அதே மூன்று சுரங்கள்தான் இடம் மாறி ஒலிக்கும் என்பதையும் நானேதான் கண்டுபிடித்தேன். டொரீனின் விரல் கடைசிவரை அதற்கு வளையவில்லை; அவள் பாடினாள், நான் வாசித்தேன்.

பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவுக்கு அந்தப் பாட்டைச் சேர்த்துக்கொண்டார்கள். "எம் மக மேடையில ஏறுறத நா பாக்கணும்" என்று லயம் முழுக்கச் சொல்லிவிட்டு, கங்காணியிடம் ஏச்சும் வாங்கிக்கொண்டு, அன்று 'அரைப்பேரோடு', பாதிநாள் கூலியோடு, மலையை விட்டு இறங்கி வந்திருந்தாள் அம்மா.

விழா தொடங்கும் நேரத்தில் தலைமை ஆசிரியை என்னை அழைத்து, முன்வரிசையில் துரைமாரும் துரைசானிமாரும் இருப்பார்கள், மேல்நாட்டுச் சங்கீதத்துக்கு ஒரு 'பொருத்தம்' வேண்டுமல்லவா என்றார். டொரீன் ஒரு கிற்றாரை வைத்துக்கொண்டு, வாசிப்பதுபோல் காட்டி மேடையில் பாடுவாள். நான் மேடையின் பின்திரைக்குப் பின்னால் இருந்து வாசிக்க வேண்டும். டொரீன் என் முகத்தைப் பார்க்கவில்லை. தன் வெள்ளைச் சப்பாத்தின் வாரைத் திரும்பத் திரும்ப இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

வாசித்தேன், ஒரு பிசகும் இல்லாமல். பாட்டு முடியும் இடத்தில், கடைசிச் சுரக்கூட்டுக்கு முன்னால் அந்த ஓக்மென்டட் வரும். அதை வாசித்துவிட்டுக் கையை எடுத்துவிட்டேன். பாட்டு அந்தரத்தில் நிற்கும், வாசிப்பவள் வேறொருத்தி என்று எல்லோருக்கும் தெரிந்துபோகும் என்று நினைத்தேன். திரை இடுக்கில் டொரீனின் கை கம்பியின் மேல் அசையாமல் நிற்பது தெரிந்தது. பிறகு முன்வரிசையில் யாரோ கைதட்ட, மண்டபம் முழுவதும் தட்டியது. முடிவு வெகு புதுமையாக இருந்ததென்று ஒரு துரைசானி டொரீனின் தோளைத் தட்டிப் பாராட்டினாள்.

திரும்பி நடக்கையில் அம்மா சொன்னாள்: "ஒன்னயக் காணலியேடி. அந்தப் பறங்கிப் புள்ள நல்லா வாசிச்சிச்சி."

வாசித்தது நான்தான், திரைக்குப் பின்னால் இருந்தேன் என்றேன். அம்மா நின்று என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப எதுக்குடி ஒளிஞ்சிருந்து வாசிச்ச?"

பதில் எனக்குத் தெரியும். சொன்னால் அவளுடைய வெறுங்காலும் எங்கள் காம்பராவும் அந்தப் பதிலுக்குள் வந்துவிடும்.

சில வருடங்களில் டொரீனின் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிவிட்டது. கிளப்பின் வாத்தியக் குழு கலைந்துபோயிற்று. ஹட்டன் கடைகளில் கிற்றார்க் கம்பி கேட்டால் இப்போது உதட்டைப் பிதுக்குகிறார்கள். நான் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். கலைவிழாவுக்கு மேடை போடும்போது திரை கட்ட நான் விடுவதில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம், பிள்ளைகளுக்குக் காற்று வேண்டும் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.