மைக்கில் நான் சொன்ன அண்ணன்

கர்த்தருக்குள் இளைப்பாறச் சென்ற எங்கள் அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவு ஆராதனைக்கு வந்திருக்கும் உறவினருக்கும் சபையாருக்கும் தம்பியின் ஸ்தோத்திரம்.

அண்ணன் செந்துறைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தார். அப்பா இறந்ததும் படிப்பை விட்டுவிட்டுச் சுண்ணாம்புக்கல் லாரியில் கிளீனராக ஏறினார், பிறகு டிரைவரானார். என்னை வேதாகமக் கல்லூரியில் படிக்கவைத்தது அந்த லாரிதான். குடியும் அங்கேதான் அவரிடம் ஒட்டிக்கொண்டது. குடித்துவிட்டு வந்தால் யாரிடமும் பேசமாட்டார், சாப்பிடாமல் படுத்துவிடுவார். அவ்வளவுதான். அரியலூர் சபையில் இரட்சிக்கப்பட்டு ஞானஸ்நானம் எடுத்த பிறகு ஒரு சொட்டும் தொட்டதில்லை.

நான் வாலிபர் ஊழியம் தொடங்கியதும் அண்ணன் லாரியை விட்டுவிட்டுச் சின்ன லோடு வண்டி ஒன்று வாங்கினார். பகலில் லோடு அடிப்பார். சாயங்காலம் மைக் செட்டையும் வாலிபர்களையும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக வருவார். மரத்தில் ஏறி ஸ்பீக்கர் கட்டுவதும் அவரே.

எனக்கோ, மைக் கைக்கு வந்தால் போதும்! முன்பு எப்படிக் கிடந்தேன், ஆண்டவர் எப்படி மாற்றினார் என்று எல்லார் முன்னாலும் சொல்வதுதான் எங்கள் கூட்டங்களில் சாட்சி. அவரவர் சாட்சியை அவரவர்தான் சொல்லவேண்டும். அண்ணன் கூச்சப்படுகிறார் என்று அவருக்காக நானே சொல்ல ஆரம்பித்தேன். "எங்க அண்ணன் குடிச்சிட்டு சாக்கடையில கெடந்தாரு! பெத்த தாயையே அடிச்சாரு!" என்பேன். வாலிபர்கள் அழுவார்கள். அவர்கள் அழ அழ நான் கூட்டிக்கொண்டே போனேன். சாக்கடையும் பொய், அடியும் பொய். "அண்ணே, கையத் தூக்குங்க" என்றதும், வண்டிக்குப் பக்கத்தில் நின்றபடி அவர் கையைத் தூக்குவார்.

பெரம்பலூரிலிருந்து அவர் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் சிரித்துப் பேசிக் காபி குடித்துவிட்டுப் போனார்கள்; மறுபடி வரவில்லை. அடுத்த வாரம்தான் அவர்கள் தெருவில் நான் கூட்டம் போட்டிருந்தேன். "பெத்தவளையே அடிச்சவரு வூட்லயா பொண்ணு எடுக்குறதுன்னு கேக்குறாங்க" என்றார் தரகர். அண்ணி என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். அண்ணன்தான் வாசல்வரை வந்தார்.

"நாலு பேரு மனந்திரும்புனா நல்லதுதான் தம்பி. அம்மாவ அடிச்சேன்னு மட்டும் சொல்லாத. அம்மா இருந்திருந்தா உன்னத்தான் ஒதச்சிருக்கும்" என்று சிரித்தார்.

அடியை விட்டேன். சாக்கடையை விடவில்லை. கூட்டம் அழவேண்டுமே!

சிறுநீரகம் கெட்டு அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது வாலிபர்கள் ஜெபிக்க வந்தார்கள். "சாக்கடையில கெடந்தவரத் தூக்கியெடுத்த தேவனே" என்று ஒருவர் உருக்கமாக ஆரம்பித்தார். நான் கட்டிலுக்கு அருகில்தான் நின்றேன். பாவி, வாயைத் திறக்கவில்லை. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு "ஆமென்" என்றார். அந்த வாரமே போய்விட்டார். அடக்க ஆராதனையிலும் அதே சாட்சிதான் ஒலித்தது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, சொல்லிக்கொடுத்தவன் நான்.

கடைசிவரை கூட இருந்து பார்த்துக்கொண்ட அண்ணிக்கும், அடக்கத்துக்கு ஓடியாடி உழைத்த சபையாருக்கும், என் பேச்சைக் கேட்டிருந்தும் எங்கள் பெண்ணை மருமகளாக்கிக்கொண்ட கல்லங்குறிச்சிச் சம்பந்தி வீட்டாருக்கும் நன்றி.

வாலிபத் தம்பி தங்கைகளே, இன்று ஆராதனை முடிந்ததும் ஸ்பீக்கரை அவிழ்த்துவிடாதீர்கள். இன்னும் ஒரு சாட்சி பாக்கி இருக்கிறது. அது என்னுடையது. கையையும் நானே தூக்கிக்கொள்கிறேன்.