வீட்டு லைனும் வயல் லைனும்

டவுனில் உப்பளம் என்கிற பகுதியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். என் பிழைப்பே லோ வோல்டேஜ்தான். மேற்கே கிராமங்களில் பம்புசெட்டுகள் முனகி முனகிக் கருகும். கருகியதை வண்டியில் போட்டுக்கொண்டு என் கடைக்கு வருவார்கள். அப்படி அடிக்கடி வருகிறவர் என் தங்கை வீட்டுக்காரர். மாப்பிள்ளையிடம் கூலி கேட்கவா முடியும்? டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவேன்.

அவர்கள் ஊர்ச் சாலையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பெனிகள் வந்தன. வயலுக்குப் போர்வெல் போடுகிறவர்களும் கூடிப்போனார்கள். இருந்த கரண்ட் இரண்டு பக்கத்துக்கும் போதவில்லை. அதனால் டவர் நட்டுப் பெரிய லைன் இழுக்கிறார்கள், சப்ஸ்டேஷன் வருகிறது என்றதும் ஊரே சந்தோஷப்பட்டது. மாப்பிள்ளை தன் வயல் ஓரத்திலேயே ஒரு டவர் வந்து நின்றதைக்கூடக் குறையாகச் சொல்லவில்லை. இனிமேல் உன் கடையை இழுத்து மூட வேண்டியதுதான் மச்சான் என்று என்னைக் கிண்டல் செய்தார். சிரித்து வைத்தேன். உள்ளுக்குள் எனக்குக் கிலிதான்.

வேலை முடிந்ததும் லைனைப் பிரித்தார்கள். கம்பெனிக்குத் தனி, வயலுக்குத் தனி, வீட்டுக்குத் தனி. அதுவரை அந்த ஊரில் வீடும் வயலும் ஒரே டிரான்ஸ்பார்மரில்தான் இருந்தன. வீட்டில் ஃபேன் நின்றால் வயலில் மோட்டாரும் நின்றுவிடும். அதை வைத்துத் தங்கையும் மாப்பிள்ளையும் ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். கரண்ட் போனால் அவள் ஒரு ரிங் விட்டு கட் செய்வாள். வந்தால் இரண்டு ரிங். அவர் போனை எடுக்கவே மாட்டார். ஊரில் பாதி வீடுகளில் இதே கதைதான். மோட்டார் கொட்டகையில் ஏதாவது ஒயரில் கை வைக்க வேண்டுமென்றால் வீட்டிலிருந்து வரும் ஒரு ரிங்குக்காகக் காத்திருப்பார்கள். லைன்மேனைக் கூப்பிட்டு, அவர் வந்து ஃப்யூஸைப் பிடுங்கும்வரை யாருக்குப் பொறுமை இருக்கிறது? டெஸ்டர் வைத்துப் பார்த்துத் தொலையுங்கள் என்று நான் திட்டாத ஆள் இல்லை. மாப்பிள்ளைக்கு ஒன்று வாங்கியும் கொடுத்தேன். அது வீட்டு அலமாரியில் பத்திரமாக இருந்தது.

லைன் பிரித்த விஷயம் யாருக்கும் தெரியாமல் இல்லை. வீடு வீடாகச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். நானும் தங்கையிடம் சொன்னேன். எனக்குத் தெரியாதா, நான் என்ன சின்னப் பிள்ளையா என்று கேட்டாள். தெரிந்துதான் இருந்தது. ஆனால் பழகிப்போன கைக்கு அது போய்ச் சேரவில்லை.

அன்று அவள் சட்னி அரைத்துக்கொண்டிருந்தபோது மிக்ஸி நின்றது. பக்கத்தில் இருந்த போனை எடுத்து ஒரு ரிங் விட்டாள். வயலில், கொட்டகை மெயின் சுவிட்சுக்கு வருகிற ஒயர் கருகிப்போயிருந்தது. அதை மாற்றத்தான் மாப்பிள்ளை காலையிலிருந்து அங்கே உட்கார்ந்திருந்தார். ரிங் வந்ததும் எழுந்து போய் வலது கையால் ஒயரைப் பிடித்தார். நின்றது வீட்டு லைன் மட்டும்தான். வயல் லைனில் கரண்ட் ஓடிக்கொண்டிருந்தது, ஊரே ஆசைப்பட்ட அந்த முழு வோல்டேஜில்.

பக்கத்து வயல்காரர் காய்ந்த கட்டையால் அடித்து விலக்கியதால் உயிர் தங்கியது. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார்கள். நான் ஓடிப்போனபோது தங்கை வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தாள். கையில் தேங்காய்ச் சட்னி காய்ந்து போயிருந்தது. நான்தான் ரிங் விட்டேன் என்றாள். வந்தவர்கள் எல்லோரிடமும் அதையே சொன்னாள். கேட்காதவர்களிடமும் சொன்னாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. சும்மா இருக்க மாட்டாயா என்று அவளைத்தான் அதட்டினேன்.

கை தேறவில்லை. கருகல் மேலே ஏறுகிறது, முழங்கைக்குக் கீழே எடுத்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் எங்களைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். அவர் நினைவோடுதான் இருக்கிறார், நீங்களே பக்குவமாகச் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள் என்றார். தங்கை என்னைப் பார்த்தாள். கட்டில் பக்கம் போகவே அவளுக்குப் பயம், வந்த நாளிலிருந்து வார்டு வாசலோடு நின்றுகொண்டிருந்தாள்.

நான் உள்ளே போனேன். நாற்று, மழை, மாடு என்று எதையெதையோ பேசினேன். சொல்ல வேண்டியது மட்டும் வாயில் வரவில்லை. பார்க்க வந்த உறவுக்காரர்கள் எல்லோரும் கை சரியாகிவிடும் என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். நான் மென்று முழுங்குவதைப் பார்த்துவிட்டு, அவளைக் கூப்பிடு என்றார்.

அவள் வந்து சுவரோரமாக நின்றாள்.

"ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீ சொல்லு. டாக்டர் இன்னா சொல்றாரு?"

"கைய எடுத்துடணுமாங்க."

"வேற வழி இல்லையா?"

"இல்லைங்க."

கட்டுப் போட்ட கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

குத்திக் காட்டவில்லை. இத்தனை வருஷம் அவள் சொன்னதை எப்படி நம்பினாரோ அப்படியே இதையும் நம்பினார். தங்கை வெளியே வந்தாள். அதுவரை அழாதவள், வராந்தாவில் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, "அவர என்னைத் திட்டச் சொல்லுண்ணா, ஒரு வார்த்தையாவது திட்டச் சொல்லு" என்று அழுதாள்.