மாமாவின் முதல் வெள்ளாமை

என் மாமாவுக்கு அடுத்த வேளைச் சோற்றைப் பற்றிக் கவலையே இருந்ததில்லை. அது காட்டில் எங்கேயோ இருக்கும், போய் எடுத்து வர வேண்டியதுதான். அம்மாவின் ஒரே தம்பி. எங்கள் ஊரான செம்மநத்தத்தில் எல்லாரும் ராகியும் சாமையும் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் காலையில் கடப்பாறையோடு கிளம்பிப் போவார். திரும்பும்போது வள்ளிக்கிழங்கோ தேனடையோ முயலோ கையில் இருக்கும். சில நாள் எதுவும் இருக்காது. அன்றைக்கு எங்கள் வீட்டில் சாப்பிடுவார். அதில் அவருக்குத் துளிகூடக் கூச்சம் கிடையாது.

காட்டில் கிடைப்பதற்கு எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. எதை எடுத்தாலும், அங்கே யார் கண் பட்டதோ அவர்களுக்கெல்லாம் பங்கு. மாமா தேன் எடுத்து இறங்கும்போது விறகு பொறுக்க வந்த யாராவது மரத்தடியில் நின்றால் அவர்களுக்கும் ஒரு துண்டு அடை. முயல் அடித்தால் துரத்திய நாய்க்குக்கூடப் பங்கு, நாய்க்காரருக்குத் தனி. எனக்கு இந்த முறை மிகவும் பிடித்திருந்ததால், மாமா வரும் நேரம் பார்த்து ஒற்றையடிப் பாதையில் போய் நின்றுகொள்வேன்.

"பாத்துட்டியா கண்ணு? சரி, வா" என்பார்.

களத்து ராகிக்கு இந்த முறை கிடையாது. அது விதைத்தவர் வீட்டுக் குதிருக்குப் போய்விடும். இரண்டும் வேறு என்று யாரும் யாருக்கும் சொன்னதில்லை. மாமா விதைக்கிற வரைக்கும் சொல்ல வேண்டிய தேவையும் வந்ததில்லை.

அவரை விதைக்க வைத்தது கல்யாணம். பக்கத்து ஊரான வாழவந்தியில் அம்மா ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருந்தாள். மாமாவும் பார்த்திருந்தார். சந்தை கூடும் ஊரான ஒண்டிக்கடையில் அந்தப் பெண் சாமான் வாங்க வந்த நாளிலிருந்து, உப்பு வேண்டும் புகையிலை வேண்டும் என்று ஏதாவது காரணம் சொல்லிக்கொண்டு அடிக்கடி ஒண்டிக்கடைக்குப் போக ஆரம்பித்தார். புகையிலை அவர் போடவே மாட்டார். ஆனால் பெண்ணின் அப்பா நிலமும் இரண்டு குதிரும் உள்ளவர். எங்கள் வீட்டுக்கு வந்து, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, நிதானமாகச் சொன்னார்:

"பையன் நொம்ப நல்லவருதானுங்க. ஆனா காட்ட நம்பிப் பொண்ணக் குடுக்க முடியுங்களா? ஒரு வெள்ளாமை எடுத்துக் காட்டட்டும். நான் வந்து பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்றேனுங்க."

அம்மா அன்றே முடிவு செய்துவிட்டாள், அரசாணிதான். மஞ்சள் பூசணியை எங்கள் பக்கம் அரசாணி என்போம். விதையை ஊன்றினால் அது பாட்டுக்குப் படரும். பறித்து அட்டாலிப் பரணில் அடுக்கிவிட்டால் மாசக்கணக்கில் கெடாது. வீட்டுக்குள் நுழைந்ததும் தலைக்கு மேலே வரிசையாகக் காய் தெரிந்தால் எந்தப் பெண்ணைப் பெற்றவருக்கும் மனசு குளிரும் என்பது அவள் கணக்கு.

மாமா பாதையோரத்துப் புறம்போக்கில் கொஞ்சம் இடத்தைக் கொத்தி விதை ஊன்றினார். மறுநாள் காலையில் போய்ப் பார்த்துவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

"ஏனக்கா, இன்னும் எத்தன நாளு ஆகும்?"

"ஆடியில ஊனுனா ஐப்பசியில பறிக்கலாம்டா."

"அது வரைக்கும் அது அங்கியே குந்தியிருக்குமா?"

அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமாவுக்கு அது நிஜமான சந்தேகம். அவர் அறிந்த எல்லாமே ஓடும், பறக்கும், அல்லது மண்ணுக்குள் ஒளிந்துகொள்ளும். தான் வைத்த இடத்திலேயே ஒன்று நாலு மாதம் உட்கார்ந்திருக்கும் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. தினமும் போய் இலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். நானும் கூடப் போவேன். முள்ளம்பன்றிக்கு அவர் கட்டிய முள்வேலியில் முதலில் மாட்டியது என் பாவாடைதான்.

காய் காய்த்தது. அப்படி ஒரு காய்ப்பை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. பெரும்பாலானவை என்னால் கட்டிப் பிடித்துத் தூக்க முடியாத அளவு. பெண்ணின் அப்பா திங்கட்கிழமை வருவதாகச் சொல்லி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பறித்து எங்கள் வீட்டு அட்டாலியில் அடுக்கிவிடும்படி தம்பியிடம் சொல்லிவிட்டு, அம்மா எஸ்டேட்டுக்குக் காப்பிப் பழம் பறிக்கப் போனாள். மும்முரமான பறிப்புக் காலம், கணக்கெழுதும் ரைட்டர் திங்கட்கிழமைக்கு மட்டும்தான் லீவு கொடுத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சந்தை நாள் என்பதை அவள் மறந்துவிட்டாள். ஒண்டிக்கடைக்குப் போகிற பாதை மாமாவின் அரசாணியை ஒட்டித்தான் போகிறது. அவர் காய்களைப் பறித்து ஓரமாகக் குவித்துக்கொண்டிருந்தபோது ஊரே அந்த வழியாக நடந்தது. எல்லாரும் நின்றார்கள். "அடேயப்பா, உன் கையாலயா?" என்று வியந்தார்கள். எல்லாருடைய கண்ணும் பட்டுவிட்டது.

மாமா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. பெரிய காயாகப் பார்த்து எடுத்து முதலில் நின்றவர் கையில் வைத்தார். அப்புறம் அடுத்தவர். வேண்டாம் என்று கூச்சப்பட்டவர்களை அதட்டினார். சந்தைக்குப் போகிற அவசரத்தில் வாங்காமல் போனவர்கள் வீட்டுக்கு, அவர் தலையில் ஒன்றும் என் தலையில் சின்னதாக ஒன்றுமாகச் சுமந்து போய்க் கொடுத்தோம். நடக்க முடியாமல் வீட்டிலேயே கிடந்த ஒரு கிழவருக்கும் ஒன்று. அவர் பார்க்கவே இல்லையே என்று நான் கேட்டதற்கு, "இப்பப் பாத்துட்டாரில்ல" என்றார். எனக்குத் தெரிந்து மாமா அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் வேறில்லை. எனக்கும்தான்.

சாயங்காலம் அம்மா வந்து அண்ணாந்து பார்த்தாள். அட்டாலியில் ஒரு பழைய முறமும் எங்கள் பூனையும் இருந்தன.

"எங்கடா?"

"பங்கு போட்டாச்சுக்கா. நமக்கும் ஒண்ணு இருக்குது."

அம்மா அவரை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள். அதைப் பார்த்த பிறகுதான் மாமாவின் முகம் மாறியது. அந்தப் பெண் தனக்கில்லை என்று அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். அன்று அவர் சாப்பிடவில்லை. அவர் சாப்பிடாமல் இருந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

திங்கட்கிழமை பெண்ணின் அப்பா வந்தார். காலியான கொடியைப் பார்த்தார், காலியான அட்டாலியைப் பார்த்தார். மாமா ஒளிக்கவில்லை.

"காச்சுதுங்க. பாத்தவங்களுக்கெல்லாம் குடுத்துட்டேனுங்க."

"அத்தனையுமா?"

"எல்லாரும் பாத்துட்டாங்களேங்க."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "கண்ணு, ஊருக்குள்ள கூட்டிட்டுப் போறியா?" என்றார். அம்மா தலையாட்டினாள்.

முதல் வீட்டில் தண்ணீர் கேட்டார். தண்ணீரோடு களியும் அரசாணிக் குழம்பும் வந்தன. "உங்க மாப்பிள்ளை காய்தானுங்க, சாப்பிடுங்க" என்றாள் அந்த வீட்டுக்காரி. அடுத்த வீட்டிலும் அரசாணிதான். அதற்கடுத்த வீட்டில் பொரியலாக. எல்லா வீட்டிலும் கொஞ்சம் சாப்பிட்டார். எல்லா வீட்டிலும் ஒரே கேள்வியைக் கேட்டார்:

"ஏனுங்க, அந்தப் பையனூட்டு அடுப்பு எரியாத நாளு வந்தா என்னங்க பண்ணுவீங்க?"

யாருக்கும் அந்தக் கேள்வி புரியவில்லை. ஒரு அக்கா மட்டும் கரண்டியும் கையுமாகத் திரும்பி நின்று, "என்ன பண்றது? இங்க கிண்டற களியில ஒரு உருண்ட அங்க போகும். இதையெல்லாமா கேப்பாங்க?" என்றாள். எனக்கும் அது அசட்டுக் கேள்வியாகத்தான் பட்டது. அவர் வயிறு நிறைந்து, நெற்றி வேர்த்து, எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தார். தை பிறந்ததும் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா மறுபடி அழுதாள். மாமா உள்ளே போய் எங்கள் பங்குக் காயைத் தூக்கி வந்து அவர் கையில் கொடுத்தார். அன்று எங்களுக்குக் குழம்புக்கு எதுவும் இல்லை.

அரசாணிக்காய் மேல் அவ்வளவு ஆசையுள்ள மனிதர் என்று நினைத்து, கல்யாணத்துக்குப் பிறகு பெண்ணின் அப்பா வரும்போதெல்லாம் அதையே சமைக்கச் சொல்லி அம்மாவை நச்சரித்துக்கொண்டிருந்தேன். அவர் ஒவ்வொரு முறையும் முகம் சுளிக்காமல் சாப்பிட்டார். அது அவருக்கு அவ்வளவாகப் பிடிக்காது என்று மாமாவைக் கட்டிக்கொண்டு வந்த அத்தை ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னாள்.

போன வருஷம் என் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனோம். கூட வந்தவர்கள் வீட்டையும் கிணற்றையும் காப்பித் தோட்டத்தையும் சுற்றிப் பார்த்தார்கள். நான் பக்கத்து வீட்டுப் படியேறி, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டேன்.