தீக்கோட்டின் ஓரத்தில் நின்றவர்

என் மேசை இழுப்பறையில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு போட்டோத் துண்டு கிடக்கிறது. காக்கிச் சட்டை போட்ட ஒருவர், கையில் இலை வாரும் நீளமான மூங்கில் கழியோடு நிற்கிறார். அவர் தோளை ஒட்டிப் படம் நேராக வெட்டப்பட்டிருக்கும். வெட்டியது நான்தான். தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு காப்புக்காட்டின் அலுவலகத்தில் நான் எழுத்தராக இருந்தேன். அவர் அங்கே வனக்காவலர்.

தை முடிந்ததும் தீத்தடுப்புக் கோடு வேலை தொடங்கும். காட்டின் குறுக்கே நீளமாகப் புதரை வெட்டிச் சருகை வாரிவிட்டால், ஒரு பக்கம் பிடித்த தீ மறுபக்கம் தாண்டாது. மற்றவர்கள் கடமைக்குச் செய்வதை அவர் கல்யாண வீட்டு வாசல்போலப் பெருக்குவார். வேலை முடிந்ததற்குச் சான்றாகப் படம் எடுக்கும்வரை யாரையும் மிதிக்க விடமாட்டார். அவரும் ஓரமாகத்தான் நிற்பார். "தரை எப்டி கீதுன்னு பாரு மேடம். நெருப்பு வந்தா வயுக்கி வுயுந்துடும்" என்பார்.

காட்டுக்குப் பின்னால் அடுக்குமாடிகள் வந்தன. ஜி.எஸ்.டி. சாலைக்கு இரும்புலியூர் வழியாகச் சுற்றிப் போகவேண்டியிருந்ததால், அங்கே குடிவந்தவர்கள் காட்டுக்குள் குறுக்குவழி கேட்டார்கள். காப்புக்காட்டில் புதுச் சாலை என்றால் டெல்லி வரை அனுமதி வேண்டும், அது கிடைக்கவில்லை. ஆனால் காடுகளுக்கான சட்டம் வருவதற்கு முன்பே இருந்த சாலையைச் செப்பனிடுவதற்கு அவ்வளவு பாடு கிடையாது. பழைய வரைபடத்தில் எங்கள் தீக்கோடு இருந்தது. அது போதுமே! "ஆளில்லாம நீட்டா ஒரு படம் வெச்சிடுங்கம்மா" என்றார் மேலதிகாரி. அழகுக்குக் கேட்கிறார் என்று நினைத்து, கத்தரிக்கோலை எடுத்தேன். வெட்டிய துண்டில் இருந்த காவலரின் முகத்தைக் குப்பையில் போட மனம் வராமல் இழுப்பறையில் வைத்தேன்.

கழியோடு ஆள் நின்றால் அது தீக்கோடு, ஆளை எடுத்துவிட்டால் சாலை. இந்தச் சின்னக் கணக்குகூட எனக்குப் புரியவில்லை. சாலை போட உத்தரவு வந்தபோது 'ஏற்கெனவே உள்ள சாலை' என்ற வரியைப் படித்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. இது சாலை அல்ல என்று குறிப்பு எழுதி வைத்தேன். "படம் நீங்க குடுத்ததுதானே?" என்று திருப்பி அனுப்பினார்கள். காட்டைக் காக்க எழுதிய சட்டத்தில் இவர்கள் கண்ணில் பட்டதெல்லாம் ஓட்டை மட்டும். அந்த ஓட்டைக்கு அளவெடுத்துக் கொடுத்தவள் நான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள்; இங்கே பிள்ளையாரைப் பிடித்தவர் அந்தக் காவலர், குரங்காக்கியது நாங்கள்.

இப்போது அங்கே தார், விளக்குக் கம்பங்கள், ஒரு டீக்கடை. வண்டியில் போகிறவர்கள் எறியும் பீடித் துண்டால் கோடையில் தீயே அந்தச் சாலையோரத்தில்தான் பிடிக்கிறது. என் மகளும் அதில்தான் வேலைக்குப் போகிறாள். போகாதே என்றால், "போட்டாச்சும்மா. நான் சுத்திப் போனா மரம் திரும்பி வந்துடுமா?" என்கிறாள். எரிச்சலாக இருக்கிறது.

போன மாதம் அந்தக் காவலர் அஸ்தினாபுரத்தில் உள்ள என் வீட்டுக்கு வந்தார். ஓய்வுபெற்றுப் பல வருடங்களாகின்றன. பேரனிடம் காட்ட, காக்கி உடுப்பில் தன் படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இனியும் மறைக்க முடியாமல் நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டுத் துண்டைக் கையில் கொடுத்தேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். நான் வெட்டிய ஓரத்தை அவர் விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"என்னை இன்னாத்துக்கு மேடம் எடுத்து வெச்ச? தீக்கோட்டை வெச்சிகினு என்னைக் குடுத்திருக்கலாமே."

பேரனுக்கென்று கேட்டு வந்த படத்தை மேசைமேலேயே வைத்துவிட்டுப் போனார்.