ஞாயிறு மட்டும் ஒழுகும் மெஷின்

எங்கள் வீட்டு வொஷிங் மெஷின் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஒழுகியது. புதன்கிழமை மாலை கந்தோர் விட்டு வந்து என் மனைவி உடுப்புப் போட்டால் ஒரு சொட்டும் வெளியே வராது. ஞாயிறு காலை நான் போட்டால் அரை மணி நேரத்தில் மெஷினின் அடியிலிருந்து தண்ணீர் மெல்லத் தலை நீட்டும். குசினித் தரையின் சரிவை முன்பே படித்து வைத்திருந்ததுபோல நேரே அரிசி மூட்டையை நோக்கிப் போகும்.

இந்த இரண்டு சங்கதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைக்கே விஷயம் விளங்கியிருக்கும். எனக்கு நாற்பத்தொன்பது வயது. விளங்க ஐந்து ஞாயிறுகள் எடுத்தன.

ஞாயிறு எப்படி என் தலையில் வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். மனைவி கண்டியில் ஓர் அரச கந்தோரில் எழுதுநர். சிங்களத்தில் அவள் பேரம் பேசினால் கட்டுகஸ்தோட்டைச் சந்தையில் மரக்கறிக்காரர் தானாகவே விலையைக் குறைத்துவிடுவார். ஆனால் பதவி உயர்வுக்குச் சிங்கள எழுத்துப் பரீட்சை வேண்டும். அதில் இரண்டு முறை தோற்றிருந்தாள். இது மூன்றாவது முறை. இதற்குமேல் எழுதப் போவதில்லை என்றும் சொல்லியிருந்தாள். நகரத்தில் ஞாயிறு காலை வகுப்பு. அதுவரை ஞாயிறு என்றால் அவளுக்கு உடுப்புக் கழுவும் நாள். "இனி ஞாயிறு உடுப்பு என் பொறுப்பு" என்று, ராஜ்யத்தைத் துறக்கிறவன் குரலில் அறிவித்தேன். அடுத்த வாரமே ஒரு நூல் வெளியீட்டில் தேநீர் குடிக்கும்போது, யாரும் கேட்காமலே, "எங்கள் வீட்டில் உடுப்புக் கழுவுவது நான்தான்" என்று நாலு பேருக்குச் சொன்னேன். சொல்லும்போது மெஷின் என்ற சொல்லைத் தவிர்த்துக்கொண்டேன்.

முதல் ஞாயிறு அவள் இரண்டு மணிக்கு வீடு வந்தபோது நான் கதிரையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு வெள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வகுப்புக் கொப்பியைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்தாள். சேலையைத் தூக்கிச் செருகித் தரையைத் துடைத்தாள். மெஷினைத் திறந்து, சவர்க்காரம் போகாமல் வழவழத்த உடுப்புகளை ஒவ்வொன்றாகக் கையால் அலசினாள். பொழுது சாய்ந்தது. கொப்பி பெட்டியின் மேலேயே இருந்தது.

"இப்படியே போனா நான் கிளாஸ நிப்பாட்டிர்றேங்க. அதையும் பாத்து இதையும் பாக்க என்னால ஏலாது."

"வேணாம். நான் கண்டுபிடிக்கிறேன்."

"நீங்களா?" என்றாள். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை டோர்ச் ஒன்றும் திருப்புளி ஒன்றுமாக மெஷினுக்குப் பின்னால் புகுந்தேன். முந்தின இரவு, முகம் காட்டாமல் கைகளை மட்டும் காட்டிப் பேசும் ஒருவருடைய வீடியோக்களில் எல்லாம் கற்றிருந்தேன். தண்ணீர் நிரம்பும்போது ஒழுகினால் வரும் குழாய், வெளியேறும்போது ஒழுகினால் போகும் குழாய், எப்போதும் ஒழுகினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல். அடியில் பழைய பத்திரிகைகளை விரித்து மெஷினை ஓட விட்டேன். முதலில் எந்தத் தாள் நனைகிறதோ அங்கேதான் குற்றவாளி. சோதனைதானே என்று உடுப்பும் போடவில்லை, பவுடரும் போடவில்லை. ஒரு தாளும் நனையவில்லை. இருந்தாலும் ஏதாவது செய்தாக வேண்டுமே. பின்பக்கக் கிளிப் ஒன்றை அரைச் சுற்று இறுக்கிவிட்டு, "சரி பண்ணிட்டேன்" என்றேன்.

ஞாயிறு மறுபடியும் வெள்ளம்.

அடுத்த கொள்கை தரை மட்டம். ஒரு காலுக்கு அடியில் அட்டை மடித்து வைத்தேன். மெஷின் கிறுகிறுவென்று நடுங்கி, ஒவ்வோர் அங்குலமாக வாசல் பக்கம் நகர ஆரம்பித்தது. இந்த வீட்டில் இனி இருக்க முடியாது என்று புறப்பட்ட மருமகள் மாதிரி. வெறும் மெஷினாக ஓட்டியபோது தரை காய்ந்துதான் கிடந்தது. ஞாயிறு ஒழுகியது. ஞாயிற்றில் ஊரே வீட்டில் இருப்பதால் குழாயில் தண்ணீரின் வேகம் மாறுகிறது என்று ஒரு கொள்கை வைத்திருந்தேன். மெஷினுக்கு என்மேல் தனிப்பட்ட வெறுப்பு என்றும் ஒன்று. இரண்டாவதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியும் வைத்தேன். நன்றாக வந்திருந்தது.

நான்காம் ஞாயிறு அவள் வகுப்புக்குப் போகவில்லை. தானே உடுப்புப் போட்டாள். ஒரு துளி கசியவில்லை.

"பாத்தியா, நான் இறுக்கின கிளிப்" என்றேன். அவள் உடுப்புகளை அள்ளிக்கொண்டு கொடிக்குப் போனாள்.

ஐந்தாம் ஞாயிறு அவள் வகுப்புக்குப் போக, நான் போட்டேன், ஒழுகியது. அன்று அவள் தரையைத் துடைத்து முடித்துவிட்டுக் கொப்பியை எடுத்து அலுமாரியின் மேலே, பழைய சூட்கேசுக்குப் பின்னால் வைத்தாள். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சூட்கேசுக்குப் பின்னால் போன கொப்பிக்கு என்ன பதில் சொல்வது? மறுநாளே மடவளையிலிருந்து மெஷின் திருத்துபவரை வரவழைத்தேன்.

மோட்டார் சைக்கிளில் வந்தார். என் வயதுதான் இருக்கும்; இருந்தாலும் முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் ஊரில் அழைப்பதுபோல 'நானா' என்றே அழைத்தேன். பின்பக்கத்தைக் கழற்றினார், விரலால் தடவினார், வெறும் மெஷினை ஓட விட்டு அடியில் படுத்துப் பார்த்தார்.

"மெஷின்ல ஒண்டும் இல்ல சேர். தங்கமா ஈக்குது."

"ஞாயிறு ஒழுகுது நானா."

"ஞாயிறு யாரு கழுவுற?"

"நான்."

"மத்த நாள்?"

"அவங்க."

எழுந்து கையைத் துடைத்தார். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரி. இப்ப ஞாயிறுன்டு நெனச்சுக் கழுவுங்க. நான் சும்மா பாத்துட்டு ஈக்கிறன்."

என் வாழ்க்கையில் யாரும் நான் உடுப்புக் கழுவுவதைப் பார்த்ததில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. உடுப்புகளைப் போட்டேன். பெரிய பையைத் தூக்கி வந்து பவுடரைக் கையால் அள்ளினேன்: ஒன்று, இரண்டு, மூன்று, கழுத்துப்பட்டி அழுக்குக்காக இன்னொன்று.

"சேர், கொஞ்சம் நில்லுங்க. இது கையால கழுவுற பவுடர்."

"மணம் நல்லா இருக்கும். வாங்கினா வாளியும் ஒண்ணு சும்மா குடுத்தாங்க."

"அந்த வாளியிலதான் ஒழுகின தண்ணியப் புழிஞ்சீங்களா?"

அதில்தான்.

இருபது நிமிடம் இருவரும் கோயில் திரை விலகக் காத்திருப்பவர்கள்போல மெஷினின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மேலே ஒரு சிறு துவாரம். அதிலிருந்து வந்தது நுரை. வெள்ளையாக, மெதுவாக, ஹந்தானை மலையில் காலையில் இறங்கும் பனிபோல மெஷினின் முதுகில் வழிந்தது. வழியிலேயே உடைந்து உடைந்து, தரையைத் தொடும்போது வெறும் தண்ணீராகியிருந்தது. அழகாகத்தான் இருந்தது. நான் டோர்ச்சோடு வந்து சேரும் ஒவ்வொரு முறையும் நுரை செத்துப்போய், தடயம் மட்டும் கிடந்திருக்கிறது.

"நாலு பிடி போட்டா நொர எங்கதான் போற, பாவம்" என்றார் அவர். "மேடம் என்ன போடுற?"

சுவர்த் தட்டில் ஒரு சிறிய போத்தலைக் காட்டினேன். மெஷினுக்கான திரவம். அதைத் தரை கழுவும் மருந்து என்று நினைத்து, ஒழுகிய தரையில் இரண்டு தடவை நான் ஊற்றியிருந்தேன். இதை அவருக்குச் சொல்லவில்லை.

ஆயுதங்களைப் பையில் போட்டுக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "வீட்ல கேட்டா என்ன சொல்ற சேர்? சீல் பழுது, மாத்தினேன்டு சொல்லுங்க. நாம ஆம்பிளையள், இப்படி நடக்குறதான். நான் எத்தன வீட்ல சொல்லி ஈக்கிறன்."

அக்குறணையிலிருந்து கலகெதர வரை எத்தனை குசினிகளில், மாற்றப்படாத எத்தனை சீல்கள் எத்தனை கணவர்களின் மானத்தைக் கசியாமல் அடைத்துக்கொண்டிருக்கின்றனவோ. எனக்கு நியாயமும் உடனே கிடைத்தது. உண்மையைச் சொன்னால், "விடுங்க, நானே கழுவிக்கிறேன்" என்பாள், வகுப்பு போய்விடும். ஆகவே பொய் சொல்வது அவளுடைய பரீட்சைக்காக. என் தியாகத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மாலை கந்தோர் விட்டு வந்ததும் மனைவி கேட்டாள். "என்னவாம்?"

"சீல் போயிருந்துச்சு. மாத்தியாச்சு."

"பழசு எங்க?"

எங்கள் ஊரில் எதை மாற்றினாலும் கழற்றின பழசைக் கையில் வாங்காமல் திருத்தவந்தவரை வாசல் தாண்ட விடமாட்டோம். எங்கள் மேசை லாச்சியில் தேய்ந்த வொஷர்களும் செத்த சுவிட்சுகளும் சாட்சிகளாகக் கிடக்கின்றன. இத்தனை வருடம் அவற்றைக் கேட்டு வாங்கி வைத்தவனே நான்தான்.

"அவர் கொண்டு போயிட்டார்."

"கிழிஞ்ச சீல் ஒண்ண வச்சு அவரு என்னத்தப் பண்றாரு?"

லாச்சியைத் திறந்து மூடினேன். பிறகு சொன்னேன். நாலு பிடி, இலவச வாளி, நுரை. தரையில் ஊற்றிய போத்தலைக்கூடச் சொல்லிவிட்டேன்; ஒருமுறை ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவன் நான்.

அவள் சிரிக்கவில்லை. "அப்ப மெஷின் நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். பிறகு, "அஞ்சு ஞாயிறு" என்றாள். கதிரையை அலுமாரிக்குப் பக்கத்தில் போட்டு ஏறி, கொப்பியை எடுத்துத் தூசு தட்டினாள்.

"ஞாயிறு நான் வேணும்னா..." என்று இழுத்தேன்.

"நீங்கதான் கழுவப் போறீங்க. ஒரு மூடி. மூடில கோடு போட்டிருக்கு. வாசிக்கத் தெரியும்தானே?"

அந்த ஞாயிறு ஏழு மணிக்கே அவள் பஸ் ஏறினாள். கோடு வரை ஊற்றினேன். மெஷின் சுற்றி, நின்று, மணியடித்தது. தரை சுண்ணாம்புபோலக் காய்ந்து கிடந்தது. உடுப்புகளை உள்ளேயே விட்டு, இரண்டு மணிக்கு அரை மணி முன்பிருந்தே மெஷினுக்குப் பக்கத்தில், கையை மார்பில் கட்டிக்கொண்டு நின்றேன். அவள் வந்தாள். ஏதோ சிங்களக் கடிதத்தின் தொடக்க வரியை உதட்டுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தபடியே, தரையைக் குனிந்தும் பாராமல், குசினியைக் கடந்தாள்.

"வழில நிக்காதீங்க" என்றாள். மேசையில் உட்கார்ந்து கொப்பியைத் திறந்தாள்.