சோஹார் பயணமும் ஜமாலின் குறட்டையும்

மகள் படிப்புக்காகச் சென்னை போனபின் வீட்டில் நாங்கள் இருவர்தான். தேசிய தின விடுமுறை வந்தது. கடையை இரண்டு நாள் மூடலாம் என்று என் கணவர் ஜமால் தானாகவே சொன்னார். அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில் செராமிக் ஃபேக்டரிகளுக்குப் பக்கத்தில், தொழிலாளர் கேம்ப் ஆட்களுக்குக் கையுறையும் ஷூவும் விற்கிற கடை எங்களுடையது. பெருநாளைத் தவிர அவர் அதை மூடி நான் பார்த்ததில்லை. மனசு மாறுவதற்குள் ஓமானில், சோஹாரில் ரூம் போட்டுவிட்டேன்.

எங்கள் வீட்டிலிருந்து சோஹார் சுமார் இருநூறு கிலோமீட்டர். மசாஃபி மலைப்பாதையில் ஏறி இறங்கி ஃபுஜைரா, கல்பா வழியாக கத்மத் மலாஹா எல்லைச் சாவடிக்குப் போக வேண்டும். காலை ஆறரைக்குக் கிளம்பினோம். மசாஃபி வரை வெயில் மலைமேல் விழுவதைப் பார்த்துக்கொண்டே போகலாம். நான் பார்த்தேன். ஜமால் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

விடுமுறை என்பதால் எல்லையில் நீண்ட வரிசை. முன்னால் இருந்த வண்டி நகர்ந்தது, எங்கள் வண்டி நகரவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். திரும்பிப் பார்த்தால், ஜமால் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார்.

"மச்சான், பார்டர்லயுமா?" என்றேன். எங்கள் ஊர் கீழக்கரையில் கணவரை மச்சான் என்றுதான் கூப்பிடுவோம்.

"கண்ணை மூடி இருந்தேன் புள்ள. தூங்கலை."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. இவர் முடிவெட்டுகிற நாற்காலியில் தூங்குவார். சோபாவில் பேசிக்கொண்டிருக்கும்போது பாதி வாக்கியத்தில் தூங்குவார். கடை உழைப்பு அப்படி என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். குறட்டை வேறு. அதற்குப் பயந்து நான் மகள் அறைக்குப் படுக்கப் போய் ஆறேழு வருடம் ஆகியிருந்தது.

எல்லை தாண்டியதும் கடலோரச் சமவெளியில் சாலை நேராகப் போகிறது. அகலமான, நல்ல சாலை. ஷினாஸ் ஊரைக் கடந்து கொஞ்ச தூரத்தில், டயருக்கு அடியில் கடகடவென்று சத்தம். வண்டி சாலையோரக் கோட்டைத் தாண்டி மண்ணை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஜமாலின் தலை மார்பில் சாய்ந்திருந்தது. தோளைப் பிடித்து உலுக்கினேன். திடுக்கிட்டு விழித்து ஸ்டீயரிங்கைத் திருப்பினார். பக்கத்தில் லாரி எதுவும் வரவில்லை. அல்ஹம்துலில்லாஹ், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அடுத்த பெட்ரோல் பங்கில் நிறுத்தினோம். அங்கே டீக்கடை வைத்திருந்த மலையாளி ஒருவர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாயா ஸ்ட்ராங்கா போடட்டே?" என்று மட்டும் கேட்டார். ஜமால் வாங்கிக் குடித்தார்.

"சாவியக் குடுங்க," என்றேன்.

எடுத்துக் கொடுத்தார். எனக்கு லைசென்ஸ் இருக்கிறது, ஆனால் ஹைவேயில் அவ்வளவு தூரம் ஓட்டியதில்லை. மெதுவாகப் போகிறவர்களுக்கான வலது லேனிலேயே, எல்லோரும் முந்திப் போகும்படி, சோஹார் வரை ஓட்டினேன்.

மதியம் மீன் சாப்பாடு ஆனதும் ஹோட்டல் அறையில் அவர் படுத்தார். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கமான குறட்டை. திடீரென்று நின்றது. சரி, புரண்டு படுத்திருப்பார் என்று திரும்பினேன். மல்லாந்துதான் கிடந்தார். வயிறும் நெஞ்சும் ஏறி இறங்கப் போராடின, மூக்கிலோ வாயிலோ காற்று போகிற சத்தமே இல்லை. நான் எழுந்து பக்கத்தில் போவதற்குள், தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்குகிறவர் மாதிரி ஒரு பெரிய மூச்சு. மறுபடி குறட்டை. கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே நிசப்தம்.

அடுத்த அறையில் படுத்திருந்தவரை இத்தனை காலம் குறட்டை மட்டுமாகவே கேட்டிருக்கிறேன். நடுவில் இருந்த இந்த அமைதி சுவர் தாண்டி வரவில்லை. போனில் வீடியோ எடுத்தேன்.

எழுந்ததும் வழக்கம்போலத் தலைவலி என்றார். வாய் உலர்ந்திருந்தது. தண்ணீர் கொடுத்துவிட்டு வீடியோவைக் காட்டினேன். ஒருமுறை பார்த்தார். திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தார்.

"இது நானா?"

"நீங்கதான்."

"நல்லாத் தூங்குறேன்னுல்ல நெனச்சிட்டு இருந்தேன்." பிறகு மெதுவாக, "கடையில கஸ்டமர் நிக்கும்போதே கண்ணு சொக்குது புள்ள. யார்ட்டயும் சொல்லலை. டாக்டர்ட்ட போனா வண்டி ஓட்டக் கூடாதும்பான். கடைக்கு யார் சரக்கு எடுக்கிறது?"

"நான் ஓட்டுறேன். இன்னைக்கு ஓட்டலையா?"

"நீ ஓட்டுற வேகத்துக்கு சரக்கு அடுத்த பெருநாளைக்குத்தான் வரும்," என்றார். இருவரும் சிரித்தோம். அவர் கண் கலங்கியிருந்தது.

மாலையில் சோஹார் கோட்டையை வெளியே நின்று பார்த்தோம், வெள்ளை வெளேரென்று இருக்கிறது. கடற்கரை நடைபாதையில் நிதானமாக நடந்தோம். பாய்மரக் கப்பல் வடிவில் கட்டிய மீன் சந்தையை மறுநாள் காலையிலேயே போய்ப் பாருங்கள், மதியத்துக்குமேல் மீனும் இல்லை, கலகலப்பும் இல்லை. திரும்பும்போது முழு தூரமும் நானே ஓட்டினேன்.

அந்த வாரமே டாக்டரிடம் போனோம். வீடியோவைப் பார்த்தார், கழுத்தைச் சுற்றி டேப் வைத்து அளந்தார், பகலில் எங்கெல்லாம் தூக்கம் வருகிறது என்று கேட்டார். விரலிலும் மார்பிலும் மாட்டிக்கொண்டு வீட்டிலேயே தூங்குகிற ஒரு சின்னக் கருவியைக் கொடுத்தனுப்பினார். அதில் பதிவானதைப் பார்த்துவிட்டு, தூக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சு திரும்பத் திரும்ப நிற்கிறது, ஸ்லீப் ஆப்னியா என்றார். எடை குறைக்க வேண்டும், காற்றை அழுத்தித் தரும் மெஷினை மாஸ்க்கோடு மாட்டித் தூங்க வேண்டும், தான் சொல்லும்வரை வண்டி ஓட்டக் கூடாது என்றும் சொன்னார்.

மாஸ்க்கை முதலில் அவரால் தாங்க முடியவில்லை. "மூஞ்சியில பூட்டுப் போட்ட மாதிரி இருக்கு" என்று கழற்றி வைத்தார். திரும்பப் போய், மூக்கை மட்டும் மூடுகிற சின்ன மாஸ்க் மாற்றி வாங்கினோம். அது பழகியது. சில வாரங்களில் காலைத் தலைவலி போயிற்று.

சோஹார் போகிறவர்களுக்கு: வண்டியின் பதிவு அட்டையான முல்கியாவையும், ஓமானில் செல்லுபடியாகும் இன்சூரன்ஸ் தாளையும் கையில் வையுங்கள். விசா விதிகளையும் எல்லைக் கட்டணத்தையும் கிளம்புமுன் சரிபாருங்கள், மாறிக்கொண்டே இருக்கின்றன. ஓட்டத் தெரிந்த இன்னொருவர் வண்டியில் இருக்கட்டும். கண் சொக்கினால் ஜன்னலைத் திறப்பதும் பாட்டை உரக்க வைப்பதும் போதாது, நிறுத்திவிடுங்கள்.

உங்கள் வீட்டிலோ ரூமிலோ குறட்டை விடுகிறவர் இருந்தால் ஒருநாள் உட்கார்ந்து கேளுங்கள். நடுவில் சத்தம் நிற்கிறதா, திணறி மூச்சு வருகிறதா, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்குகிறாரா என்று பாருங்கள். அவருக்கே அது தெரியாது. கேலி செய்யாமல் சொல்லுங்கள், கூடவே டாக்டரிடம் போங்கள். கேம்ப்பில் ஒரே ரூமில் இருக்கிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்.

டாக்டர் அனுமதி கொடுத்தபின், போன மாதம் கோர்ஃபக்கானுக்கு அவரே ஓட்டினார். போகும் வழி முழுக்கப் பேச்சு. ஷூ சைஸ் மாற்ற வந்த பாகிஸ்தான் பட்டான், கடை வாடகை, மகளுக்கு ஹாஸ்டலில் கிடைக்கிற சாம்பார், எங்கள் கல்யாணத்தில் யார் யார் கோபித்துக்கொண்டு போனார்கள் என்று ஒன்றுவிடாமல் பேசினார். மலை வளைவில் கடல் தெரிந்தபோது, "கொஞ்சம் சும்மா வாங்களேன் மச்சான்" என்று சொல்ல வாயெடுத்தேன்.

சொல்லவில்லை. "அப்புறம் அந்தப் பட்டான் என்ன சொன்னான்?" என்று கேட்டேன்.